அந்தப் பிஸ்டலை 1505க்கு அனுப்பியவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுக் கொமெண்டில் ஏசாமல், முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள்.

இரண்டு வாரமாக நமது ஊர்க் குழுமங்களில் ஒரு படம் சுற்றுகிறது. பச்சைத் துணிமேல் ஒரு பழைய பிஸ்டல். மரப்பிடி, பிடியின் அடியில் பித்தளை, மேலே கல்லைக் கவ்வும் குதிரை. படத்துக்கு மேலே: "போர்த்துக்கேயரிடமிருந்து நமது முன்னோர் பறித்தெடுத்த 500 வருடப் பழமையான துப்பாக்கி. நமது வரலாற்றின் வாழும் சாட்சி. பெருமையுடன் பகிருங்கள்." பெருமையுடன் பகிர்ந்தவர்களில் நமது பழைய மாணவர்கள் நிறையப் பேர். பாடசாலை மரபுரிமைக் கண்காட்சியில் அதை முதல் மேசையில் வைப்பதென்றும், "கி.பி. 1505" என்று பலகை எழுதுவதென்றும் முடிவாகி, பலகை எழுதும் வேலை நம்மிடம் வந்தது. வரலாறு படிப்பிப்பது நாம்தானே.

நாம் எழுதவில்லை. அன்றிலிருந்து நமக்குக் கிடைத்த பட்டங்களை இங்கே எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு வெட்கம். "ஊர்ட பெருமைய ஏன் சேர் கெடுக்கிறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டவர்களும் உண்டு. இந்தப் பதிவு அவர்களுக்கு.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பிஸ்டல் இருக்கும் வீட்டு மூத்தம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை. நாம் நேரில் போய்க் கேட்டோம். "எங்கட மூத்தாப்பாட பொட்டகத்துக்குள்ள கிடந்திச்சி மனே. அவரு யாருக்கிட்ட எடுத்தாரெண்டு ஒருத்தருக்கும் தெரியா." அவ்வளவுதான் அவர் சொன்னது. போர்த்துக்கேயரையும் பறித்தெடுப்பையும் அதில் சேர்த்தது, படம் எடுக்க வந்தவர்கள்.

1505 எங்கிருந்து வந்தது என்று தேடினோம். விசையைச் சுற்றியிருக்கும் பித்தளை வளையத்தில் 15 என்று ஒரு எண் அடித்திருக்கிறது. பட்டாளத்தில் ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு எண் கொடுத்து அடிப்பார்கள், எது யாருடையது என்று தெரிவதற்கு. பாடசாலைக் கதிரையில் வகுப்பு எண் எழுதுகிறோமே, அதே மாதிரி. அந்த 15 படத்தில் ஏறி, யாரோ ஒருவரின் கொமெண்டில் "15ஆம் நூற்றாண்டு" ஆகி, அடுத்த ஷெயாரில் 1505 ஆகிவிட்டது. மூன்று நாள் போதுமாயிருந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

1505இல் இந்தக் கரைக்கு வந்த போர்த்துக்கேயரின் கையில் இருந்தவை திரித்துவக்குகள். எரிந்துகொண்டிருக்கும் கயிற்றுத் திரியை மருந்துக் கிண்ணியில் வைத்துப் பற்றவைப்பது. சக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதிப் பொறி பறக்கும் வகைகள் பிறகு வந்தவை. ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தில் உருவான கல் துவக்குகளுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. பெரிய வில் பக்கத்தகட்டுக்கு வெளியே தெரியும்படி இருக்கும். வில் உள்ளே மறைந்திருக்கும் வகை, நாம் இப்போது பேசும் பிஸ்டலின் வகை, பிரான்சில் 1610களில் உருவானது. லிசியூ நகரத்து மரன் லு பூர்ஜுவா என்ற கைவினைஞரின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். ஐரோப்பியப் படைகளில் அது பரவலாக வருவதற்கு அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியாகிவிட்டது. 1658இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்து இந்த நாட்டை விட்டே போய்விட்டார்கள். 1505இல் பறித்தெடுத்திருந்தால், நமது முன்னோர் நூறு வருடத்துக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படவிருந்த ஒரு சாமானைப் பறித்திருக்கிறார்கள் என்றாகிறது.

இதைச் சொன்னதும், "சேர் புத்தகத்தை வச்சிக் கதைக்கிறார், சாமானப் பார்க்கல்ல" என்றார்கள். சரி, பார்த்தோம்.

மூத்தம்மாவின் அனுமதியோடு, ஜன்னலோரம் மேசையைப் போட்டு, விஞ்ஞானகூடத்துக் கைவில்லையும் ஒரு டோர்ச்சும் ஓர் அடிமட்டமும் எடுத்துப் போனோம். முதலில் செய்தது ஒரு ஈர்க்கில் குச்சியைக் குழல்வாயால் உள்ளே விட்டது. எவ்வளவு ஆழம் போகிறதென்று குறித்து, வெளியே வைத்துப் பார்க்கவேண்டும். மருந்து பற்றும் சின்னத் துளை வரைக்கும் குச்சி போனால் குழல் வெறுமை. முன்னாலேயே முட்டி நின்றால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். எத்தனை தலைமுறை கழிந்தாலும், ஈரம் படாத மருந்து மருந்துதான். பச்சைத் துணியில் வைத்துப் படமெடுத்த வீரர்களில் ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லை. ஒரு பொடியன் அதைத் தன் தம்பியின் நெற்றிக்கு நேரே பிடித்தும் ஒரு படம் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், குழல் வெறுமை.

குழல் ஒன்பது அங்குலம். மருந்து கெட்டிக்கும் இரும்புக் கம்பி கழன்று விழாமல் குழல்வாயோடு ஒரு கீலில் தொங்குகிறது. குதிரைமேல் இருக்கும் படைவீரன் கம்பியைத் தவறவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிரித்தானியப் படைப் பிஸ்டல்களில் 18ஆம் நூற்றாண்டு முடியும் நேரத்தில்தான் அது வழக்கமாகிறது. குழலின் அடிப்பக்கத்தில், துளைக்குக் கிட்ட, இரண்டு சின்ன முத்திரைகள். ஒன்றில் கிரீடத்துக்குக் கீழே ஜி, பி எழுத்துகள் பின்னியபடி. மற்றதில் கிரீடத்துக்குக் கீழே வி. லண்டன் துவக்குச் செய்வோர் சங்கத்தின் சோதனை முத்திரைகள் இவை. 1637இல் பட்டயம் பெற்ற சங்கம். குழலில் அளவுக்கு மிஞ்சி மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால் அடிப்பது.

டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது பக்கத்தகட்டில் ஒரு உருவம் எழுந்து வந்தது. பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிங்கம், முன்னங்கால்களில் ஒரு கிரீடம். அது கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அதற்கு முந்திய காலத்துக் கம்பனித் துவக்குகளில் வேறு முத்திரை இருக்கும். நான்காகப் பிரித்த இதயம் போன்ற உருவம், அதற்குள் கம்பனியின் பெயரெழுத்துகள். சிங்கம் வந்தது 1808 அளவில். ஆகவே நமது ஊரின் "போர்த்துக்கேயத் துப்பாக்கி" லண்டனில் சோதிக்கப்பட்டு, கம்பனியின் படைக்காக, 1808க்குப் பிறகு செய்யப்பட்ட ஒரு குதிரைப்படைப் பிஸ்டல்.

இதோடு கதை முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. சிங்கத்தைப் பற்றிச் சொன்ன அன்றிரவே கதை உடுப்பு மாற்றிக்கொண்டது. "சிங்கமா? அப்படியெண்டா கண்டி ராசாட சிங்கம்! ராசா நம்மட ஆக்களுக்குக் குடுத்த பரிசு!" முதல் நாள் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தவர்கள், மறுநாள் கண்டி மன்னரிடம் பரிசு வாங்கினார்கள். பதிவைப் போட்டவரும் அதே ஆள்தான். பழைய பதிவை அழிக்கக்கூட இல்லை.

சகோதரரே, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் தேசிய கொடிப் படத்தை எடுத்துப் பாருங்கள். அந்தச் சிங்கம் வாள் பிடித்திருக்கிறது. இந்தச் சிங்கம் கிரீடம் பிடித்திருக்கிறது. சிங்கம் இருக்கிற இடமெல்லாம் கண்டி என்றால், பாதி இங்கிலாந்தும் கண்டிதான். கண்டியில் துவக்குச் செய்தார்கள், அதுவும் வெகு அழகாக. கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் கண்டித் துவக்குகளைப் போய்ப் பாருங்கள். இரண்டாகப் பிரிந்து சுருளும் மரப்பிடி, வெள்ளி வேலைப்பாடு. எல்லாவற்றுக்கும் மேல், குதிரையும் பக்கத்தகடும் இடது பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் வலது பக்கம். மூத்தம்மா வீட்டுப் பிஸ்டலில் வலது பக்கம். இந்த நாட்டுக் கொல்லரின் கைத்திறனைப் பற்றிப் பெருமைப்பட விரும்புகிறவர்கள் அந்த இடது பக்கத்தைப் பற்றிப் பெருமைப்படலாம். லண்டன் முத்திரையைக் காட்டிக் கண்டியின் புகழ் பாடுவது கண்டிக்கும் அவமரியாதை.

"1808க்கும் 1815க்கும் நடுவில ஏழு வருசம் இரிக்கிதானே சேர், அதுக்குள்ள ராசா குடுத்திருக்கலாந்தானே?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி புத்தியான கேள்வி. ஆனால் 1803இல் கண்டிக்குள் போன பிரித்தானியப் படை அழிந்ததிலிருந்து 1815வரை கண்டியும் ஆங்கிலேயரும் பகையாளிகள். சண்டையில் விழுந்த துவக்கு கை மாறாதா? மாறும். வியாபாரத்தில் வராதா? வரும். பிறகு மதராஸ் பக்கமிருந்து படையோடு வந்திருக்கலாம், தோணியில் வந்திருக்கலாம், ஐம்பது வருடம் கழித்து ஏலத்தில் எடுத்திருக்கலாம். "இருக்கலாம்" என்பதைப் பலகையில் எழுதமுடியாது. ஒரு பிஸ்டலின் முத்திரை அது எங்கே, யாருக்காக, எப்போது செய்யப்பட்டது என்று சொல்லும். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை அது சொல்லாது. அதற்கு எழுத்து வேண்டும், உறுதி வேண்டும், கடிதம் வேண்டும். அந்தப் பெட்டகத்தில் அப்படி ஒரு தாள்கூட இல்லை.

இப்போது நமக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறோம்.

இந்த நாட்டில் நம்மை "நேற்று வந்தவர்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நம்மைக் குத்துகிறது. குத்துகிறபோது கையில் கிடைத்ததை எடுத்துக் காட்டத் தோன்றுகிறது. அந்த வேதனை நமக்கும் தெரியும். ஆனால் காட்டுவதற்கு நம்மிடம் என்ன இல்லை? 1344இல் இப்னு பதூதா இந்தத் தீவுக்கு வந்து எழுதிவைத்ததில் கொழும்பும் இருக்கிறது, ஆதம் மலைப் பயணமும் இருக்கிறது. காலியில் 1911இல் கிடைத்த கல்லில், சீனத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த அந்தக் கல்லில், சீனமும் தமிழும் பாரசீகமும் ஒன்றாக நிற்கின்றன. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் புகழ்கிறது. அந்தக் கல்லில் காலம் வெட்டியிருக்கிறது, 1409. யாரும் கொமெண்டில் சேர்த்ததல்ல. கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது, போகிறவர் எவரும் பார்க்கலாம். ஓ.எல் எழுதப்போகும் நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

போர்த்துக்கேயருக்கும் நமக்கும் நடந்ததும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1626இல் அவர்கள் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். கண்டியின் செனரத் மன்னர் ஏற்று, கிழக்கில் குடியமர்த்தினார். விரட்டப்பட்டதும் வரவேற்கப்பட்டதும் நமது கதை. கண்டி இராச்சியத்தில் நமது முன்னோர் தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிப் போனார்கள், பாக்கு இறக்கி வந்தார்கள், அரண்மனையில் வைத்தியம் பார்த்தார்கள். உப்புப் பொதி சுமந்த மாட்டுக்குப் பின்னால் நடந்தவனின் பேரன் என்று சொல்ல ஏன் வெட்கம்? ஏன் பிஸ்டல் வேண்டும்? நம்மை யாரும் மதிக்கவேண்டுமென்றால் ஆயுதத்தோடு நின்றுதான் காட்டவேண்டும் என்று நமது பொடியன்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

2019ஐ மறந்துவிட்டீர்களா? அந்த மே மாதம், வாள், பெரிய கத்தி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ் அறிவித்தது. வீடு வீடாகச் சோதனை. பயத்தில் நமது ஊரில் என்னவெல்லாம் குளத்திலும் கிணற்றிலும் போனது என்று நமக்குத் தெரியும். ஒரு வீட்டில் பாட்டன் காலத்துப் பாக்குவெட்டியைக்கூடப் புதைத்தார்கள். கத்தீப் மிம்பரில் ஊன்றிப் பிடிக்கும் பழைய வாளை என்ன செய்வது என்று இரவிரவாக மசூறா செய்த பள்ளி நிர்வாகத்தில் நாமும் இருந்தோம். எது தொல்பொருள், எது ஆயுதம், எது வெறும் இரும்பு என்று சொல்ல ஒரு தாள், ஒரு படம், ஒரு பதிவு நம்மிடம் இருந்ததா? இல்லை. நாம் நமது சாமான்களை எழுதிவைக்கவில்லை. அதனால் அவை எல்லாம் ஒரே இரவில் "ஆயுதம்" ஆகின. அந்த மாதத்தைக் கண்ட ஊரில் இன்று ஒரு மூத்தம்மாவின் வீட்டைக் காட்டி, "நமது முன்னோரின் துப்பாக்கி, பெருமையுடன் பகிருங்கள்" என்று ஊருக்கெல்லாம் போடுகிறீர்கள். அதை யார் யார் எடுத்து, எந்த மொழியில் என்ன தலைப்புப் போட்டுப் பகிர்வார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? பதில் சொல்லவேண்டி வந்தால் உங்கள் ஷெயார் வந்து சொல்லாது. அந்த வயதுபோன மனுசிதான் நிற்கவேண்டும்.

சட்டத்தில் இந்தச் சாமானின் வயது ஒரு விளையாட்டுப் பேச்சல்ல. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ, கண்டி உடன்படிக்கை நாளை, எல்லையாக வைத்துத் தொல்பொருளைப் பிரிக்கிறது. துவக்குகளுக்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது. நமது பிஸ்டல் 1808க்குப் பிறகு செய்யப்பட்டது. 1815க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இதை முகநூலில் வாக்கெடுத்துத் தீர்க்கமுடியாது. தொல்பொருள் திணைக்களத்து ஆளொருவர் கையிலெடுத்துப் பார்த்து எழுதிக்கொடுக்கவேண்டும். 500 வருடம் என்று ஊதினால் ஒரு சிக்கல், நேற்றுச் செய்த பொம்மை என்று ஒளித்தால் இன்னொரு சிக்கல்.

அந்த இரண்டாவது வேலையைச் செய்ய ஒருவர் வந்தும்விட்டார். பழைய சாமான் வாங்குகிறவராம். படத்தைக் கண்டு வந்திருக்கிறார். "இது டூரிஸ்ட் கடைச் சாமான் உம்மா, இந்தியாவுல செய்யிற போலி, ஐயாயிரம் தாறன்" என்றாராம். போலிகள் இருப்பது உண்மைதான். டவர் என்று எழுத்தும் கிரீடமும் அடித்த புதுத்தகடுகள் கடைகளில் கிடைக்கின்றன. துருப்பிடித்த இரும்பில் எழுத்து மட்டும் கூராக, நேற்று வெட்டியது போல நின்றால் சந்தேகப்படவேண்டும். அரசுப் படைத் துவக்குகளின் தகடுகளில் வருடம் வெட்டுவதை 1764இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே டவர் 1790 என்று வருடத்தோடு ஒரு கல் துவக்கு வந்தால் இன்னும் அதிகம் சந்தேகப்படவேண்டும். மூத்தம்மா வீட்டுப் பிஸ்டலில் இந்தக் குற்றம் எதுவும் இல்லை. அந்த வியாபாரியும் கைவில்லை கொண்டுவந்துதான் பார்த்தார் என்பதைப் பேரப்பிள்ளை சொன்னது. போலிக்கு எதற்கு வில்லை? உங்கள் வெற்றுப் பெருமைதான் அவருக்கு வீட்டு வாசலைக் காட்டிக்கொடுத்தது.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றும் நடந்தது. கண்காட்சிக்குப் பளபளப்பாக இருக்கட்டும் என்று ஒரு நல்லமனசுக்காரர் பித்தளைக்குப் பிராசோ போட்டு, பக்கத்தகட்டில் சேண்ட்பேப்பர் பிடித்திருக்கிறார். சிங்கத்தின் வால் போய்விட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் தேய்த்திருந்தால் சிங்கமே போயிருக்கும். பிறகு 1505 என்றாலும் 1905 என்றாலும் மறுக்க ஆளிருக்காது. வரலாற்றை அழிக்க எதிரி வரவேண்டுமென்பதில்லை. இருபது ரூபாய்த் தாள் ஒன்று போதும்.

2023இல் நெதர்லாந்து ஆறு பொருட்களை இந்த நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது நினைவிருக்கும். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் கொள்ளையடித்தவை. லெவ்கே திசாவை மன்னருக்குக் கொடுத்த பீரங்கி அதில் ஒன்று, இரண்டு துவக்குகளும் இருந்தன. ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையின் ஆய்வாளர்களும் நமது நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, பொறிப்புகளை வாசித்து, பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, எது எங்கிருந்து எப்போது போனது என்று நிரூபித்தார்கள். கூச்சல் போட்டு அது வரவில்லை. அந்தப் பீரங்கியிலும் யாராவது சேண்ட்பேப்பர் பிடித்திருந்தால் இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கும்.

பலகை எழுதமாட்டோம் என்று நாம் சொன்னதாகப் பரப்புகிறார்கள். பொய். 1505 எழுதமாட்டோம் என்றுதான் சொன்னோம். நாம் எழுதிக்கொடுத்த வாசகம் இது: "கிழக்கிந்தியக் கம்பனிப் படைக்காகச் செய்யப்பட்ட கல் பிஸ்டலின் படம். லண்டன் சோதனை முத்திரை. 1808க்குப் பின். நமது ஊர்க் குடும்பமொன்றில் பல தலைமுறையாகப் பேணப்பட்டது." படம் என்று எழுதியதைக் கவனியுங்கள். பிஸ்டல் பாடசாலைக்கு வரக்கூடாது என்பதும் நமது நிபந்தனை. அந்தப் பலகை "சின்னதாக இருக்கிறது" என்று ஏற்பாட்டாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்மிடம்தான் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

பிஸ்டல் இப்போது பழைய பருத்திச் சாரமொன்றில் சுற்றி அதே பெட்டகத்தில் இருக்கிறது. மூத்தம்மாவின் மகளோடும் ஒரு சட்டத்தரணியோடும் வருகிற வாரம் திணைக்களத்துக்குப் போகிறோம். முத்திரைகளின் படங்கள் எடுத்தாயிற்று. அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள், குறிப்பாக வீடு தெரிகிற படத்தை. உங்கள் வீடுகளிலும் இப்படிப் பழைய சாமான் இருந்தால், ஒல்லாந்தர் காலத்துக் காசோ, உறுதியோ, வாளோ, ஓலையோ, பகலொளியில் ஒரு படமெடுத்து நமது இன்பொக்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள். தேய்க்கவேண்டாம், கழுவவேண்டாம். உம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ அது எப்படி வந்தது என்று கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையிலேயே ஒரு கொப்பியில் எழுதி, நாளையும் போட்டுவையுங்கள்.